போடப் போடக் குறைவது

போடப் போடக் கனம் குறையும். எத்தனை போட்டாலும் போட்ட இடத்தில் ஒன்றும் இருக்காது. அது என்ன, சொல்லு பார்க்கலாம்? நேற்றுக் காலையில் பல் துலக்கிக்கொண்டே, வாய் நிறைய நுரையோடு வர்ணிகா கேட்டாள். நான் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உப்பா என்றேன், கற்பூரமா என்றேன். தெரியாமல் இல்லை. அவள் என்னைத் தோற்கடித்துச் சிரிப்பதைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. “ஐயோ அம்மா, ஓட்டை! நீ தினமும் போடறதே அதுதானே. நானே கண்டுபுடிச்சது, புக்குல இல்ல” என்று நுரையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபோது கன்னத்தில் எலும்பு தெரிந்தது. பதின்மூன்று வயதுக்குக் கன்னத்தில் எலும்பு தெரியக்கூடாது. அந்த விடுகதை இப்போது டிரில்லிங் மிஷினுக்குள் புகுந்துகொண்டது. பெல்ட் சுற்றச் சுற்ற அதையே சொல்கிறது. போடப் போட, போடப் போட. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதில் இந்த மிஷின், அதன் முன்னால் நான். பம்பு கம்பெனியிலிருந்து வரும் வார்ப்புத் தகடுகளில் ஓட்டை போட்டுக் கொடுப்பதுதான் கல்யாணமான மறுவருஷத்திலிருந்து என் வேலை. இந்த வாரம் அந்தத் தகடுகள் மூலையில் கிடக்கின்றன. கொட்டகை நடுவில் மரக்கட்டைமேல் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, ஸ்டாண்டு இல்லை, பின்பக்க மட்கார்டு இல்லை. இறகு பிடுங்கிப் பொசுக்கிய கோழி மாதிரி நிற்கிறது. நாளை இதன்மேல் வர்ணிகா உட்காருவாள். கிளப் ரேஸ், சின்ன வண்டி வகுப்பு. படியில் காலை நீட்டி உட்கார்ந்து, சீட்டின் ஸ்பாஞ்சைக் கத்தியால் சீவிக்கொண்டிருக்கிறார் இவர், என் வீட்டுக்காரர் மயில்சாமி. இடது காலை அவரால் மடக்க முடியாது. “தமயந்தி, மூக்குத்தியக் கழட்டி வெச்சுட்டு வண்டிகிட்டப் போ. அதும் வெயிட்டுதான்” என்கிறார். “மொதல்ல உங்க தொப்பையக் கழட்டி வைங்க. உங்க நெழல் உழுந்தாலே வண்டி ரெண்டு கிலோ ஏறுது” என்கிறேன். சிரிக்கிறார். ஸ்பாஞ்சுத் துணுக்குகள் அவர் மடியில் பொரி மாதிரி விழுகின்றன. நானும் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது, பல்லில் காற்றுப் படுகிறது.

ஒரு நாளைக்கு எத்தனை போடுகிறோம். கோலம் போடுகிறேன், சோறு போடுகிறேன், ஓட்டை போடுகிறேன், சண்டை போடுகிறேன். கிளப்பில் நீட்டிய தாளில் அம்மா என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். நாளை வர்ணிகா பிரேக் போடுவாள். இந்த ஒரு சொல்லை யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விட்டால் என்னிடம் செய்வதற்கு ஒன்றுமே மிஞ்சாது. வெயிட் போடுவது என்றும் ஒன்று இருக்கிறதே. அதைச் சொன்னது இவர்தான், போன மாதம், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், செல்லமாகத்தான். “நம்ம புள்ள வெயிட் போட்டுட்டா பாரு. நான் வண்டில ஒரு கிலோ எறக்குனா இவ ஒரு கிலோ ஏத்தறா. அப்பனும் மகளும் கயிறு இழுக்கறோம்.” அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையிலிருந்த தோசையைத் தட்டில் வைத்தாள், அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அதைப் பார்த்தது நான் மட்டும்தான். இவருக்குத் தெரிந்ததெல்லாம் மறுநாள் காலையில் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில் அவள் ஏறியபோது முள் கொஞ்சம் இறங்கியிருந்தது என்பதுதான். “பார்ரா! எஞ்சாமி!” என்று அவளைத் தூக்கிச் சுற்றப் போனார், கால் இடம் கொடுக்கவில்லை, தோளை மட்டும் தட்டினார். அந்தத் தட்டுக்காக அவள் இன்னும் எத்தனை தோசையை வைத்துவிடுவாள். பெரிய வகுப்பு வண்டிகளுக்கு இந்த எடைக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு கோடு இருக்கிறதாம். சின்ன வகுப்புக்கு அப்படி ஒரு கோடு இல்லை. சின்னது எவ்வளவு குறைய முடியும் என்று நினைத்திருப்பார்கள். வண்டியில் முதலில் செயின் மூடி போனது, பிறகு பல்சக்கரத்தில் வளையமாக ஓட்டைகள், பிறகு கால்மிதி, கிளட்ச் பிடியின் நுனி. பெயின்ட்டைக்கூட இவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தார். தேய்த்து விழுந்த தூளைக் காகிதத்தில் கூட்டி, பழைய இரும்புக் கடையில் வாங்கிய தட்டுத் தராசில் நிறுத்தார். எலக்ட்ரானிக் மிஷினை அவர் நம்புவதில்லை. பேட்டரி இறங்கினால் அது பொய் சொல்லுமாம். தட்டு ஆடி ஆடி நிற்கும்போது இவர் மூச்சை நிறுத்திக்கொள்வார். என் வயிற்றில் வர்ணிகா இருந்தபோது ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் வாயைத் திறக்கும்வரை இவர் இப்படித்தான் மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றார்.

பெஞ்சுக்கு அடியில், பழைய துணிக்குப் பின்னால், டிபன் பாக்ஸ் இருக்கிறது. அதில் உளுந்தங்களி. இவர் டயர் வாங்கப் போன நேரத்தில் அவசரமாகக் கிண்டினேன். நல்லெண்ணெய் மணம் வீட்டைவிட்டுப் போகவில்லை, ஊதுபத்தி ஏற்றி வைத்தேன். கொட்டகைக்குள் கிரீஸ் நாற்றத்தில் எதுவும் தெரியாது என்பதால் இங்கே கொண்டு வந்து ஒளித்தேன். சொந்த மகளுக்குக் கிண்டிய களியைத் திருட்டுப் பொருள் மாதிரி. வேறு வீடாக இருந்தால் இந்நேரம் ஊருக்கே தெரிந்திருக்கும். என் அண்ணன் ஓலை வெட்டிக்கொண்டு வந்து பச்சைக் குடிசை கட்டியிருப்பான், வாசலில் பந்தல் போட்டிருப்பார்கள், உளுந்தும் கருப்பட்டியும் எண்ணெயுமாகத் தாய்மாமன் சீர் வந்து இறங்கியிருக்கும். அதுவும் ஒரு போடுதான், பந்தல் போடுவது. அவள் குளியலறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து என்னைக் கூப்பிட்ட அன்று, விஷயத்தைக்கூடச் சொல்லவில்லை, முதலில் சொன்னதே “அப்பாகிட்ட சொல்லாதம்மா” என்பதுதான். “சொன்னா மாமா வருவாரு, பந்தல் போடுவீங்க, என்னைய உக்கார வெச்சிருவீங்க. ரேஸ் முடியட்டும்மா. ஒரே ஒரு ரேஸ்.” நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன்? ஈரக் கையோடு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அதனாலா? இல்லை, இவருடைய முகத்தை நினைத்தேனா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர், அவள் கிளப் மைதானத்தில் முதல் சுற்றை முடித்த அன்றுதான் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். அந்தத் திரும்பலை யார் கெடுப்பது. ஆனால் இந்த வயதில் வயிற்றுக்குக் கொடுக்காவிட்டால் இடுப்பு எலும்பு நிற்காது என்று எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். நாளைக்கு இடுப்பு தாங்க வேண்டுமென்றால் இன்றைக்குக் களி. அதைத்தான் ஒளித்து வைத்திருக்கிறேன். இடுப்பு. இடுப்பு என்று நினைத்ததும் மனம் அங்கே போய் நிற்கிறது. போகாதே என்றால் கேட்பதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இவர் ஓட்டிய கடைசி ரேஸ். தகரக் கூரை போட்ட பார்வையாளர் படிக்கட்டு. நான் தக்காளி சாதத்தைத் திறந்து வர்ணிகாவுக்கு ஊட்டப் போனேன், அவள் “நானே சாப்படறேன்” என்று பிடுங்கினாள். இரைச்சலோடு இரைச்சலாக ஒரு வண்டியின் சத்தம் மட்டும் நின்றது. இத்தனை வண்டிகள் ஓடும்போது ஒன்று நின்றது எப்படி என் காதுக்குத் தெரிந்தது? முன்வரிசையில் யாரோ, “மயிலு வண்டியக் கீழ போட்டுட்டாரு” என்றார். கீழே போட்டுட்டாரு. கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டது மாதிரி. அப்புறம் எடுத்துவிடலாம் என்பது மாதிரி. அதனால்தான் எனக்குப் பதற்றமே வரவில்லை. டப்பாவை மூடி, கை கழுவிவிட்டுத்தான் எழுந்தேன். இடுப்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. வளைவில் யாரோ ஆயில் சிந்தியிருந்தார்கள் என்றார் இவர். ஆயில்தான் என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். யார் முதலில் சொன்னது என்று தெரியாத அளவுக்கு எல்லோரும் சொன்னார்கள். வண்டியை டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார்கள். நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். பின்சக்கரத்துப் பக்கம் ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது, பிரேக்கைக் கட்டி நிறுத்தும் இரும்புப் பட்டை, இரண்டு துண்டாக. ஒடிந்த வாயைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியாது, கம்பெனியிலிருந்து ஒடிந்து திரும்பி வருகிற தகடுகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். சரியாக ஓட்டையின் குறுக்காக ஒடிந்திருந்தது. அந்த வரிசை ஓட்டைகளை இவரேதான் போட்டிருந்தார், எடை குறைக்க. விழுந்ததில் ஒடிந்ததா, ஒடிந்ததில் விழுந்தாரா? மூன்று வருஷமாக இந்தக் கேள்வி கொட்டகைக்குள் என்னோடு நிற்கிறது. விழுந்ததில் ஒடிந்திருக்கலாம். விழுந்தால் எல்லாமே ஒடியும். ஆனால் விழுந்தபோது வண்டி வலது பக்கமாகத் தேய்ந்திருந்தது, பட்டை இடது பக்கம். ஆனால் உருண்டும் இருக்கலாம். ஆனால் உருண்டிருந்தால் இடது பக்கப் பிடி நெளிந்திருக்க வேண்டும், நெளியவில்லை. இதோடு நிறுத்திக்கொள்வேன். எப்போதும் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு அடுத்த தகட்டை வைஸ் இடுக்கியில் வைப்பேன். இவரைக் கேட்டதில்லை. ஆயில் என்றால் அது விதி. பட்டை என்றால் அது அவர் கை.

இப்போது வைஸில் இருப்பது அதே பட்டைதான். அதே என்றால் அதே மாதிரி இன்னொன்று. ஒன்று வண்டியில் ஏற்கனவே இருந்தது, ஓட்டை போடாதது. அதைக் கழற்றி பெஞ்சில் வைத்திருக்கிறார். வைஸில் இருப்பது பழைய சாமான் சந்தையில் வாங்கிவந்தது, ஓட்டை விழ வேண்டிய இடங்களில் பஞ்ச் வைத்து ஆறு புள்ளி அடித்து, காலையில் என் கையில் கொடுத்தார். கடைசி வேலையாக வைத்துக்கொண்டேன். கடைசியும் வந்துவிட்டது. இந்தப் பட்டை என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும். பின்சக்கர பிரேக் போட்டால் டிரம்முக்குள் இரண்டு கட்டைகள் விரிந்து சக்கரத்தை உள்ளேயிருந்து பிடிக்கும். சக்கரம் சும்மா இருக்காது, பிடித்தவனையே இழுத்துக்கொண்டு சுற்றப் பார்க்கும். கட்டைகள் உட்கார்ந்திருக்கும் மூடி சுற்றிவிடாமல் வண்டியோடு கட்டி நிறுத்துவது ஒரு முழம்கூட இல்லாத இந்த இரும்புத் துண்டுதான். இது ஒடிந்தால் மூடி சுற்றும், பிரேக் கம்பி சுருண்டுகொள்ளும், சக்கரம் அப்படியே நின்றுவிடும். சக்கரம்தான் நிற்கும். மேலே இருப்பவள் நிற்கமாட்டாள். டிரில் பிட் இரும்பைத் தொடுகிறது. முதலில் ஒரு கீச்சு, பிறகு முனகல், பிறகு வெள்ளிச் சுருள் மேலேறி வருகிறது, கழிவு ஆயில் புகைகிறது. கை தானாக அழுத்துகிறது. கைக்கு எது பம்புத் தகடு, எது மகள் என்று தெரியாது, புள்ளி இருந்தால் போடும். ஒன்று. என் கையை நானே தூரத்திலிருந்து பார்க்கிறேன். இரண்டு. இந்த ஓட்டை வழியாக வர்ணிகாவின் சுண்டுவிரல் போகும். சின்னவளாக இருந்தபோது ஓட்டை இருக்கிற எதிலும் விரலை விட்டுப் பார்ப்பாள், ஒரு தடவை நட்டில் மாட்டிக்கொண்டு சோப்பு தடவி எடுத்தோம். மூன்று. கடைசிப் பக்கம் பிட் வெளியே வரும்போது ஒரு உதறல் உதறும், அது எப்போதும் உள்ளதுதான், இன்றைக்கு மட்டும் என் முழங்கைவரை வருகிறது. நான்கு, ஐந்து. ஆறாவது போட்டு முடித்ததும் மிஷினை நிறுத்தினேன். பெல்ட் ஓய்ந்த பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பிசிறை அரத்தால் தட்டினேன். அப்போதுதான், நினைத்துப் பேசியதல்ல, வாய் திறந்துகொண்டது. “ஏனுங்க, உங்க வண்டில பட்டை எந்த எடத்துல ஒடிஞ்சுது?”

கத்தி நின்றது. ஸ்பாஞ்சு சீவும் சத்தம் இவ்வளவு நேரம் இருந்தது என்பதே நின்ற பிறகுதான் தெரிந்தது. இவர் என்னைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்த்தார். “உழுந்தா எல்லாந்தான் ஒடியும். இடுப்பு ஒடிஞ்சுது. அதுல எவன் ஓட்டை போட்டான்?” என்றார். வேடிக்கைதான். குரல் மட்டும் வேடிக்கையாக இல்லை. நான், “கேட்டேனுங்க, அவ்வளவுதான்” என்றேன். “ஆயிலு தமயந்தி. நாந்தான் மேல உக்காந்திருந்தவன். எனக்குத் தெரியாதா? சக்கரம் வழுக்குனது எனக்குத் தெரியாதா?” “வழுக்குச்சுங்களா, நின்னுச்சுங்களா?” இதையும் நான்தான் கேட்டேன். எனக்கே நம்ப முடியவில்லை. இவர் படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், கெட்ட காலை முதலில் ஊன்றி, பிறகு நல்ல காலை. சீட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நரம்பு புடைத்திருந்த கழுத்து, வேர்வையில் ஒட்டிய ஸ்பாஞ்சுத் துணுக்கு. தட்டிவிடலாம் என்று கை போனது, தட்டவில்லை. “பயமா இருந்தா சொல்லு, பழசையே மாட்டறேன்” என்றார். “ஆனா நீயும் நானும் பேசி என்ன? ஓட்டறது அவ. அவ வரட்டும், அவளையே கேளு. எது வேணுங்கிறாளோ அதை முன்வாசலுக்குக் கொண்டாரச் சொல்லு, மாட்டிப்புடலாம்.” விந்தி விந்திப் போனார். போகட்டும். நல்லதுதான் என்று ஒரு கணம் நினைத்தேன். அவளிடம் விட்டது நல்லதுதான், நான் சொன்னால் கேட்பாள். அடுத்த கணம் அந்த நினைப்பின் கீழ்ப்பக்கம் தெரிந்தது. அப்பாவும் அம்மாவும் தூக்க முடியாததைத் தூக்கி அவள் கையில் வைக்கிறோம். அதற்கு எடை இல்லையா? அதை எந்தத் தராசில் போடுவது? நானே பழைய பட்டையை எடுத்துக்கொண்டு போய் மாட்டியிருக்கலாம். ஸ்பேனர் எனக்குப் பிடிக்கத் தெரியும். இவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார், அவ்வளவுதானே. அவ்வளவுதான். நான் போகவில்லை. பெஞ்சில் இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், நேராக வைத்தேன், மறுபடி நேராக வைத்தேன்.

வர்ணிகா டியூஷனிலிருந்து வந்தாள். பையை இறக்கியதும் தோள் மேலே வந்தது. உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது. “தண்ணி குடிச்சியா கண்ணு?” “சாயங்காலம் குடிச்சுக்கறேன். அப்பா இன்னொருக்கா நிறுப்பாரு.” டிபன் பாக்ஸை வெளியே எடுத்துத் திறந்தேன். கறுப்பாக, எண்ணெய் மினுங்க, இன்னும் இளஞ்சூடாக இருந்தது. அவள் பார்க்கவில்லை, மூக்கு பார்த்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. “காலைல இருந்த வெயிட்லயே நாளைக்கும் நிக்கோணும்னாரும்மா” என்றாள். நான் பட்டைகளைக் காட்டினேன். அப்பா உன்னையே கேட்கச் சொன்னார் என்றேன். ஓட்டை போட்டதை ஒரு கையிலும் போடாததை ஒரு கையிலும் எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். சொல்லிவிட வேண்டும், இப்போதே, “அப்பா உழுந்தப்ப ஒடிஞ்சுதே, அந்தப் பட்டைலயும் ஓட்டை இருந்துது கண்ணு. ஓட்டை வழியாத்தான் ஒடிஞ்சுது.” சொல்லிவிட்டேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அது எனக்கு வெளியே நின்றது. “தெரியும்மா” என்றாள். “டெம்போல இருந்து எறக்கும்போது பாத்தேன். நீ பாத்துட்டு இருந்தயே, உனக்குப் பின்னாலதான் நின்னேன்.” அவளுக்குப் பத்து வயது அப்போது, இத்தனை நாளும் என் பின்னாலேயே நின்றிருக்கிறாள். அவள் தட்டுத் தராசைப் பெஞ்சுக்கு இழுத்தாள். ஓட்டை இல்லாத பட்டையை ஒரு தட்டில் வைத்தாள், அது தணிந்தது. ஓட்டை போட்டதை எதிர்த்தட்டில் வைத்தாள், அது மேலேயே நின்றது. களியில் கொஞ்சம் கிள்ளி உருட்டி, மேலே நின்ற தட்டில் வைத்தாள். இன்னும் கொஞ்சம் கிள்ளிச் சேர்த்தாள். தட்டுகள் ஆடி ஆடி நேராக நின்றன. பெரிய நெல்லிக்காய் அளவு இருந்தது அந்த உருண்டை. ஓட்டை போட்ட பட்டையைத் தொட்டு, “இத மாட்டுனா இவ்வளவு சாப்பிடலாம்” என்றாள்.

அந்த உருண்டையை எடுத்துச் சாப்பிட்டாள். விரலை நக்கிவிட்டுப் பாவாடையில் துடைத்தாள். ஓட்டை போட்ட பட்டையை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள்.